நான்கெல்லை இல்லாத பொருள்

கிழக்குத் தாம்பரம்
13 ஜனவரி 2025

அன்புள்ள ஜோசலினுக்கு,

நேற்று நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உன் அண்ணி அமலராணி எழுதச் சொன்னாள், மறுத்துவிட்டேன். இது தங்கைக்கு அண்ணன் எழுதும் கடிதமாக ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன்.

உன் கைப்பேசியையும் மடிக்கணினியையும் நிறுவனம் சோதனைக்கென்று வாங்கி வைத்திருக்கும் வரை நாம் தொலைபேசியில் பேசுவது உசிதமல்ல. வழக்கறிஞருக்கும் அவரிடம் ஆலோசனை கேட்பவருக்கும் இடையே நடக்கும் எழுத்துக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆகவே கடிதம். முடிச்சூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்பதை அறிவேன்.

எனக்கு விளங்கிய அளவில் சங்கதிகளை எழுதுகிறேன். பிழையிருந்தால் திருத்து. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் உள்ள உன் நிறுவனம், படப்பைக்கு அப்பால் குத்தகை நிலத்தில் நிறுவிய தொலைநோக்கிகள் மூலம் விண்வெளிக் குப்பைகளைக் கண்காணித்து, எது எப்போது எங்கே வரும் என்பதைச் சந்தாதாரர்களுக்கு விற்கிறது. நீ அங்கே ஆறு வருடமாகப் பாதைகளைக் கணிப்பவள். பூமியிலிருந்து சுமார் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும், எரிந்து முடிந்த பழைய ராக்கெட் உடல் ஒன்று, உலகமே நம்பும் பொதுப் பட்டியல் சொல்லும் பாதையில் இல்லை என்று சென்ற அக்டோபரில் கண்டாய். அதை வெளியே அறிவிக்க வேண்டும் என்று நிறுவனர் கேஷவுக்கு மின்னஞ்சல் எழுதினாய். அவர் மறுத்தார். நீ ராஜினாமா செய்தாய். மலைமேல் ஒரு வானாய்வகம் உனக்கு வேலை தரச் சம்மதித்திருக்கிறது. மார்ச் முடிவதற்குள் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரோடு போய்ச் சேர வேண்டும். அந்த லெட்டரைத் தருவதற்கு நிறுவனம் உன்னிடம் ஒரு வாக்குமூலம் கேட்கிறது: நீ கண்டது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறாய் என்று.

என் ஆலோசனை நேற்றுச் சொன்னதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வா. 'தவறானது' என்ற சொல் உறுத்தினால், 'இதுவரை பிறரால் உறுதிசெய்யப்படாதது' என்று மாற்றித் தரக் கேட்கலாம். அதில் பொய் இல்லை. வரைவு இணைத்திருக்கிறேன்.

சத்தியநாதன்


முடிச்சூர்
17 ஜனவரி 2025

அண்ணா,

சங்கதிகள் எல்லாம் சரி. ஒன்றைத் தவிர: அது "மேற்படி பொருள்" இல்லை. உங்கள் வரைவில் நான்கு இடத்தில் அப்படி எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு மாநகரப் பேருந்து அளவுள்ள இரும்புக் கூடு. ஓட்டுநர் இல்லை, பிரேக் இல்லை.

தங்கச்சிக்கு எழுதுவதற்குப் பதிவுத் தபாலும் ஒப்புதல் அட்டையுமா? தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது, "இன்னாம்மா, கேஸா?" என்று கேட்டார். "இல்லைங்க, அண்ணன்" என்றேன். "அதுக்கு கேஸே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் சொல்லவே விடாததை இப்போது எழுதுகிறேன். அந்தக் கூட்டில் எரிபொருள் தீர்ந்த பிறகு அதைத் திருப்ப யாருமில்லை. புரண்டுகொண்டே சுற்றுகிறது. புரளும்போது வெயில் பட்டு மின்னும், இருளும். ஒவ்வொரு கூட்டுக்கும் அந்த மின்னலில் ஒரு தாளம் இருக்கிறது. இதன் தாளம் எனக்கு ஆறு வருடப் பழக்கம். செப்டம்பரில் இதிலிருந்து ஏதோ ஒரு துண்டு கழன்றது; அடியில் மிச்சமிருந்த எரிபொருள் கசிந்து தள்ளியிருக்க வேண்டும். பொதுப் பட்டியல்காரர்கள் லேசான அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அதுதான் ராக்கெட் என்று பின்தொடர்கிறார்கள். ஊரே ஒரு தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேருந்து வேறு தடத்தில் போகிறது. அதை அந்தத் தடத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதே தாளம்.

பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் பயிர்களைப் படமெடுக்க ஒரு செயற்கைக்கோள் விட்டிருக்கிறது. அதன் பாதையும் இதன் பாதையும் குறுக்கிடுகின்றன. மார்ச் மூன்றாம் வாரத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் அந்தச் சந்திப்புக்கு வரும். முட்டும் என்று நான் சொல்லவில்லை. முட்டாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. முட்டினால் ஒன்று ஆயிரமாகும். அந்த ஆயிரமும் அங்கேயே பல வருடம் சுற்றும். அவர்களிடம் நகர்வதற்கு எரிபொருள் இருக்கிறது. எதிரே ஏதோ வருகிறது என்பதுதான் தெரியாது.

கேஷவிடம் இதைச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? "ஜோஸ், நாம என்ன சர்ச்சா நடத்துறோம்? ஃப்ரீயா குடுத்தா நாளைக்கு எவன் சந்தா கட்டுவான்? முதல்ல அவங்களை நம்மகிட்ட வரச் சொல்லு. வந்தா சொல்லலாம்." எங்கள் ஆட்கள் அவர்களிடம் சந்தா கேட்டுப் போனார்கள். அவர்கள் பொதுப் பட்டியலே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

நோட்டீஸ் காலம் முடியும் வரை தினமும் வர வேண்டும் என்று, கம்ப்ரஸருக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கணினி கிடையாது. சுவரில் ஒரு வருடம் பழைய காலண்டர். எச்.ஆர். ஜெயஸ்ரீ மதியம் எட்டிப் பார்த்து, "மேடம், ஒரு சைன்தானே. போட்டுட்டு ஜாலியா மலைக்குப் போங்களேன்" என்கிறாள். நீங்கள் சொன்னதையே அவள் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

'பிறரால் உறுதிசெய்யப்படாதது.' பிறர் யாரும் பார்க்கவே கூடாது என்றுதானே அண்ணா பூட்டி வைத்திருக்கிறார்கள்?

ஜோஸ்


கிழக்குத் தாம்பரம்
22 ஜனவரி 2025

அன்புள்ள ஜோசலினுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ராக்கெட் பற்றிய பகுதி இப்போது எனக்கு விளங்குகிறது. நான் சொல்ல விடவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. அதற்குப் பதில் பின்னர்.

அந்த வாக்குமூலத்தை அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று நீ யோசித்தாயா? கௌரவத்துக்காக அல்ல. விண்ணிலிருந்து ஒரு துண்டு பூமியில் விழுந்து சேதம் வந்தால் அதை ஏவியவர் பொறுப்பு. விண்வெளியில் இரண்டு பொருள்கள் மோதினால் அப்படியல்ல. யாரிடம் தவறு இருந்தது என்று பார்ப்பார்கள். தவறு என்பது பெரும்பாலும் அறிவு. தெரிந்திருந்தும் சும்மா இருந்தானா என்பதே கேள்வி. உன் மின்னஞ்சல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. நீயே அதைத் தவறு என்று எழுதிக்கொடுத்துவிட்டால், அங்கே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று ஆகிவிடும். அவர்களுக்கு அந்தத் தாளின் மதிப்பு அதுதான்.

ஆகவே முழு வாக்குமூலத்தில் நீ கையெழுத்திடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயாக வெளியே சொல்வதையும் என்னால் ஆதரிக்க முடியாது. நீ வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அங்கே நீ கண்ட ஒவ்வொரு மின்னலும் அவர்களுடைய சொத்து. அதை மீறினால் வழக்கு வரும். வழக்கில் உள்ள ஒருத்தியை எந்த வானாய்வகமும் சேர்க்காது. உண்மையைச் சொன்னவள் என்று உனக்குப் பெயர் கிடைக்கலாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முடிச்சூரில் உட்கார்ந்திருப்பாய்.

இரண்டாம் வரைவு இணைப்பில். 'என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை' என்று தொடங்குகிறது. தயவுசெய்து அலுவலக கேன்டீனில் இது பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே.

சத்தியநாதன்


முடிச்சூர்
27 ஜனவரி 2025

அண்ணா,

இரண்டாம் வரைவைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கணக்குப் போட உதவியது. கணினி இல்லாமல், பழைய எண்களை நினைவில் வைத்து, கையால் போட்டேன். இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு முதல் மாடிக்குக் கீழே வீடு பார்க்காதே என்று சொன்னவர் நீங்கள். சொன்னதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த டிசம்பரில், தண்ணீர் வருகிறது என்று யாராவது முன்கூட்டித் தெருவில் கத்தியிருந்தால், "ஏன் கத்தினாய், தகவல் யாருடைய சொத்து" என்று கேட்டிருப்பீர்களா?

உங்கள் அறிவுரைக்குத் தாமதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் ஜெயஸ்ரீ மறுபடி வந்தாள். "மேடம், ராக்கெட்ட விடுங்க, உங்க லைஃபப் பாருங்க. அது யாரு மேல போயி முட்டுனா உங்களுக்கு என்னா?" என்றாள். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "மார்ச்சுக்குள்ள நான் சொல்லிடத்தான் போறேன். யார் தடுத்தாலும்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அன்று மாலை என் வருகை அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இனி வர வேண்டாம், ஆனால் விடுவிக்கவும் இல்லை என்றார் கேஷவ். அப்படியென்றால் நான் எங்கே இருக்கிறேன், சார் என்று கேட்டேன். "அதான் ஜோஸ் எனக்கும் புரியல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கே தெரியவில்லை.

ஜோஸ்


கிழக்குத் தாம்பரம்
7 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜோசலினுக்கு,

உனக்கு வந்த சம்மனின் நகலையும் பிராதையும் படித்தேன். கேன்டீனில் நீ சொன்ன வாக்கியம் ஏழாம் பத்தியில் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறது. ஜெயஸ்ரீ சாட்சி.

நிலவரம் இது. உன் தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடையுத்தரவு பெற்றுவிட்டார்கள். நிறுவனத்தின் 'ரகசியத் தகவல்கள் எதையும்' நீ யாருக்கும் சொல்லக் கூடாது. உனக்குப் பதிலாக இன்னொருவர் சொன்னாலும் நீயே சொன்னதாகும். இந்த உத்தரவு உயிரோடு இருக்கும் வரை, அதை மீறுவது ஒப்பந்த மீறல் மட்டுமல்ல. நீதிமன்ற உத்தரவையே மீறுவதாகும். சிறைக்கும் இடமுண்டு. இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீ பயப்பட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உனக்காக நானே ஆஜராகிறேன். தங்கைக்காக ஆஜராவது நல்ல வழக்கமல்ல. வேறு யாரிடமும் இதை விட எனக்கு மனமில்லை.

நிறுவனத்தின் தரப்பில் முகிலன் என்ற இளம் வழக்கறிஞர். படப்பை, ஒரகடம் பக்கத்து மனை வழக்குகளில் நல்ல பெயர். பண்பான பையன்.

ஒரு நிபந்தனை. விசாரணையன்று நான் என்ன பேசினாலும் நீ குறுக்கே பேசக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது.

சத்தியநாதன்


முடிச்சூர்
20 பிப்ரவரி 2025

அண்ணா,

குறுக்கே பேசவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன், எழுத்துக்கு நிபந்தனை போடவில்லை நீங்கள்.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்காக நீங்கள் எழுந்து நின்று பேசுவதைக் கேட்டேன். ராக்கெட் என்ற சொல்லையே நீங்கள் சொல்லவில்லை. செயற்கைக்கோளைச் சொல்லவில்லை. நான் கண்டது உண்மை என்று, ஒரு பேச்சுக்காகக்கூட, சொல்லவில்லை. நீங்கள் சொன்னது இதுதான்: "கனம் நீதிபதி அவர்களே, வாதி எந்த ரகசியத்துக்குத் தடை கேட்கிறார் என்றே பிராதில் இல்லை. அளவும் நான்கெல்லையும் சொல்லாத மனைமீது தடையுத்தரவு கேட்பது போல இருக்கிறது." நீதிமன்றமே சிரித்தது. எதிர்த்தரப்பு முகிலனும் சிரித்தார். நீதிபதி, "என்ன ரகசியம்னு சொன்னாத்தானேங்க எதைத் தடுக்கறதுன்னு தெரியும்? அடுத்த வாய்தாவுக்குள்ள விவரம் தாக்கல் பண்ணுங்க" என்றார். முகிலன், "பண்ணிடறேங்கய்யா, முழு விவரமும் பண்ணிடறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்காக நீங்கள் வாதாடியதன் பலன், என்னைக் கட்டியிருக்கும் கயிற்றை இன்னும் நன்றாக முறுக்கிக்கொண்டு வரச் சொன்னது.

வெளியே வந்து, "இதுக்குத்தானா?" என்று கேட்டேன். "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போ" என்றீர்கள்.

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் நான் ஒரு வசனத்தைத் தப்பாகச் சொன்னதாக டீச்சர் அடித்தபோது, நான் சொன்னதுதான் சரி என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் நீங்கள் பேசவில்லை. அம்மாவிடம் போய், "அவ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, ஆனா அடிச்சது தப்பு" என்றீர்கள். இத்தனை வருடமாகியும் அதே வாக்கியம்தான்.

மார்ச் மூன்றாம் வாரத்துக்கு அதிக நாள் இல்லை.

ஜோசலின்


கிழக்குத் தாம்பரம்
5 மார்ச் 2025

அன்புள்ள ஜோசலினுக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படி.

முகிலன் விவரம் தாக்கல் செய்துவிட்டார். அவர் மனை வழக்குகளில் வளர்ந்தவர் என்று முன்பே எழுதினேன். இந்தப் பக்கத்தில் ஒரு மனைக்குத் தடை கேட்டால், சர்வே எண், நீள அகலம், வடக்கே யார் வீடு, தெற்கே எந்தத் தெரு என்று ஒரு கடுகளவும் விடாமல் எழுத வேண்டும்; விட்டால் மனு தள்ளுபடியாகும். அது அவர் கையில் ஊறிய பழக்கம். நான் நான்கெல்லை என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்தது. நிறுவனத்தின் பொறியாளர்களிடம், "எல்லாத்தையும் குடுங்க சார், ஒண்ணு விட்டாலும் அந்த ஆளு பிடிச்சுக்குவாரு" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இதை அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

விளைவாக, 'சொத்து விவரம்' என்ற தலைப்பில், பொதுப் பட்டியல் பின்தொடர்வது உதிர்ந்த துண்டையே அன்றி ராக்கெட் உடலை அல்ல என்பதும், உடல் உண்மையில் சுற்றும் உயரம், சாய்வு, கணக்கெடுத்த நேரம் ஆகிய அனைத்தும், நீதிமன்றப் பதிவில் இருக்கின்றன. ரகசியத்தின் வணிக மதிப்பைக் காட்டுவதற்காக, அது எந்தச் செயற்கைக்கோளுக்கு அருகே எந்த வாரத்தில் வரும் என்பதையும், அந்தச் செயற்கைக்கோளின் உரிமையாளர் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். மூடிய உறையில் தர அனுமதி கேட்டிருக்கலாம். மனை வழக்கில் யாரும் மூடிய உறை கேட்பதில்லை.

மூன்றாம் நபர் ஒருவரின் உடைமை பாதிக்கப்படுவதாக வாதியே எழுதிய பிறகு, அவரையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்று மனுப் போட்டேன். நீதிபதி அவருக்கு நோட்டீஸ் உத்தரவிட்டார். நம் நீதிமன்றங்களின் வழக்கப்படி, வழக்கறிஞரே நேரடியாக அனுப்பும் தனி நோட்டீசுக்கும் அனுமதி தந்தார். முகிலன் ஆட்சேபிக்கவில்லை, கூடுதலாக ஒரு தரப்பு வந்தால் வழக்கு நீளும், அவ்வளவுதானே என்று நினைத்திருப்பார்.

நோட்டீசையும் பிராதையும் விவரத்தையும் அன்றே விரைவுத் தபாலில் பெங்களூருக்கு அனுப்பினேன். நீதிமன்றம் அனுமதித்தபடி மின்னஞ்சலிலும் அனுப்பினேன். என் சொந்தச் சொல் ஒன்றைக்கூட அதில் சேர்க்கவில்லை. 'அவசரம்' என்ற முத்திரையை உறையில் குத்தலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். குத்தவில்லை.

இது முற்றிலும் பாதுகாப்பான காரியம் என்று சொல்ல மாட்டேன். நிறுவனம் என்மீது புகார் கொடுக்க இடமிருக்கிறது. உன்னிடம் முன்பே சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: உனக்குத் தெரிந்திருந்தால் அது உன் செயலாகும், உத்தரவை மீறியவள் நீயாவாய். நாளை கூண்டில் நிறுத்தி, அண்ணன் திட்டம் முன்பே தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று நீ சத்தியமாகச் சொல்ல முடியும். பொய் சொல்ல உனக்கு வராது என்பதால், உண்மையாகவே தெரியாமல் வைத்திருந்தேன். அதற்காக நீ கோபித்துக்கொண்டதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஞாயிறு பள்ளி பற்றிய குற்றச்சாட்டும் நிலுவையில் இருக்கிறது.

உன் அண்ணன்,
சத்தியநாதன்


முடிச்சூர்
8 மார்ச் 2025

அண்ணா,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து நின்று படித்தேன்.

பெங்களூரில் அந்தத் தபாலை யார் பிரிப்பார்கள்? வழக்கு நோட்டீஸ் என்றால் கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒருவர், தாம்பரத்தில் நமக்கு என்ன வேலை என்று ஓரமாகப் போட்டுவிடுவார். ஒரே ஒரு போன் செய்து, "ஐயா, அந்தக் கட்டில் கடைசித் தாளை உங்கள் பாதைக் கணிப்பாளரிடம் காட்டுங்கள்" என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. புது போன் மேஜைமேல் இருக்கிறது. இரண்டு நாளாக அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன்.

முகிலனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தப் பையனைத் திட்டாதீர்கள்.

அண்ணியிடம் சொல்லுங்கள், அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக இருந்தது. எழுந்து போனது குழம்புக்காக இல்லை.

ஜோஸ்


கிழக்குத் தாம்பரம்
26 மார்ச் 2025

அன்புள்ள ஜோசலினுக்கு,

நேற்று வாய்தாவில் பெங்களூர் நிறுவனத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். நீ அஞ்சியபடியே தபால் கணக்குப் பிரிவில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. மின்னஞ்சலைத் திறந்தவர் அவர்களுடைய சட்ட உதவியாளர். அந்தப் பெண் எதுவும் புரியாமல், எண்கள் நிறைய இருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காகப் பொறியாளர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் வெளிநாட்டு ராடார்காரர்களிடம், விவரத்தில் சொன்ன இடத்தில் பார்க்கக் கேட்டார்கள். அங்கே அது இருந்தது. செயற்கைக்கோளைச் சிறிது உயர்த்திக்கொண்டார்கள். பதினெட்டாம் தேதி இரண்டும் கடந்து போயின. நகர்ந்திருக்காவிட்டால் மோதியிருக்குமா என்பது இனி யாராலும் நிரூபிக்க முடியாதது. பொதுப் பட்டியல் திருத்தப்பட்டுவிட்டது. திருத்தியவர்கள் பெயரில் நீயும் இல்லை, தாம்பரமும் இல்லை.

மறுபக்கம். நிறுவனம் வழக்கைக் கைவிடவில்லை. வர இருந்த ஒரு வாடிக்கையாளரை உன்னால் இழந்ததாகப் புதிய கோரிக்கை சேர்க்கிறது. என்மீது பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறார்கள், பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தடையுத்தரவு தொடர்கிறது. உலகுக்கே தெரிந்த பிறகு என்ன தடை என்று கேட்டேன். அது விசாரணையில் தீர வேண்டியது என்றார்கள். அடுத்த வாய்தா ஜூனில்.

நீதிமன்ற வாசலில் கேஷவ் என்னிடம் வந்தார். "சார், முடிச்சுக்கலாம். அந்தப் பழைய பேப்பர்ல மேடம் ஒரு சைன் போடட்டும். இன்னைக்கே ரிலீவிங் லெட்டர், கேஸ் வாபஸ், உங்க மேல புகாரும் வாபஸ். முப்பத்தொண்ணுக்குள்ள மலைக்குப் போயிடலாம்" என்றார். அவர் இதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. களைத்திருந்தார்.

இந்தச் செய்தியை உனக்குத் தெரிவிப்பது என் கடமை. அமலராணி, போட்டுவிடச் சொல்கிறாள். செயற்கைக்கோள் தப்பிவிட்டது, இனி யாருக்கு நஷ்டம் என்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

என் ஆலோசனை: போடாதே. நீ கண்டது தவறு என்று எழுதிக்கொடுத்தால், தவறான தகவலால் தங்களுக்கு இழப்பு என்று நாளை பெங்களூர்க்காரர்களும் உன்மீது வரலாம். இது சட்டக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சட்ட மொழியில் எழுத முயன்றேன், வரவில்லை. நீ சொன்னது உண்மை. அது எனக்கு முதல் கடிதத்தின்போதே தெரியும். வசனத்தையும் நீ சரியாகத்தான் சொன்னாய்.

முடிவு உன்னுடையது. நீ போட்டாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன்.

உன் அண்ணன்,
சத்தியநாதன்


முடிச்சூர்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

நேற்றோடு முடிந்தது. வானாய்வகத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம்: காத்திருந்தோம், வருந்துகிறோம், வேறொருவரை அழைத்திருக்கிறோம். கேஷவுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். மௌனமே போதும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

அழுதேனா என்று அண்ணி கேட்பார். அழுதேன். மலையில் போடுவதற்கென்று வாங்கிய ஸ்வெட்டரை இந்த வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு அழுதால் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். இனி என்ன என்று தெரியவில்லை. ஜூனில் வாய்தா. அதன் பிறகு இன்னொன்று. ரிலீவிங் லெட்டர் இல்லாதவளை எந்த அலுவலகமும் நுழையவிடாது. வேலையிலும் இல்லை, வேலையை விட்டவளும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கீழ்வீட்டு ஜெயக்கொடி அக்காவும் இருந்தார். இந்தக் கட்டடம் நிற்கும் இடம் அவர் மாமனாரின் வயல், உங்களுக்குத் தெரியும். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. தென்மேற்கே அது வருகிற நேரம் என்று எனக்கு நினைவே இல்லை. அக்காதான் கையை நீட்டினார்.

"ஜோசு, அத்தப் பாரேன். நட்சத்திரமா, பிளேனா? மின்னிகினு மின்னிகினு போவுது."

அதே தாளம், அண்ணா. நான்கு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். எங்கள் தலைக்கு மேலே வந்து, புரண்டு, மின்னி, மறுபடி இருண்டு, தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ அந்த வேலதானே செய்றே, சொல்லேன். இன்னா அது?"

நிறுவனத்தின் ரகசியத் தகவல் எதையும் யாருக்கும். உத்தரவின் வாசகம் எனக்கு மனப்பாடம். தெரியாது என்று சொல்லியிருந்தால் அக்கா விட்டிருப்பார்.

"தெரியும்க்கா. சொல்லக் கூடாது."

"யாரு சொன்னது?"

"கோர்ட்டு."

அக்கா என்னை ஒரு முறையும் வானத்தை ஒரு முறையும் பார்த்தார். "வானத்துல போறதுக்கும் ஸ்டே ஆர்டரா? எங்க மாமனார் நெலத்துக்குத்தான் வாங்கினு வந்தானுங்கன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, என் துணிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அது கிழக்கே நிழலுக்குள் போகும் வரை நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வருகிறேன். முழுச் சாப்பாடும் சாப்பிடுவேன்.

உங்கள் தங்கை,
ஜோசலின்